முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் ஸ்பாம் பெட்டி

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: குப்பையில். மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை மழையில் கிடைக்கிறது, ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது என் மெயிலின் ஸ்பாம் பெட்டியில். வேண்டாத கடிதம் என்று இயந்திரம் தானே முடிவுசெய்து ஒதுக்கித் தள்ளுமே, அந்த மூலையில்.

நான் சாதாரணமாக அங்கே எட்டிப் பார்ப்பவன் அல்ல. நேற்று மதியம் பார்த்தேன். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பி ஐந்து மாதம் ஆகியும் பதில் இல்லை. நல்ல கட்டுரை. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே, ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் எழுதிய கடிதத்தை இயந்திரம்தான் தவறாகப் பிடித்து உள்ளே போட்டிருக்கும் என்று நினைத்துத் திறந்தேன்.

பத்திரிகைக் கடிதம் இல்லை. மூட்டுவலித் தைலம் இருந்தது, வழுக்கையில் முடி வளர்க்கும் ரகசியம் இருந்தது (இதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்), அவற்றுக்கு நடுவே ஒரே மனிதரிடமிருந்து வந்த அறுபத்து மூன்று கடிதங்கள் இருந்தன. அந்தப் பெட்டி எதையும் முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்காது. அப்படியென்றால் அறுபத்து மூன்றும் ஒரு மாதத்துச் சரக்கு.

அனுப்பியவர்: ராஜமணி, பொதுச்செயலாளர், அனந்தபுரி நாஞ்சில் தமிழர் பேரவை, திருவனந்தபுரம்.

யோக்கியமான ஒரு மனிதரின் யோக்கியமான கடிதங்களை ஒரு முட்டாள் இயந்திரம் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என்று நாலு பக்கம் பொரிந்து தள்ளத்தான் உட்கார்ந்தேன். தலைப்புகூட வைத்தாகிவிட்டது: 'இயந்திரத்தின் அநீதி'. அச்சில் நன்றாக நிற்கும். கெட்ட காலம், எனக்கு ஞாபகசக்தி இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால், சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த ஒரு மதியத்தில் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன். ராஜமணி. கீழே ஒரு பட்டன் இருந்தது, 'ஸ்பாம் என்று புகார் செய்' என்று. அழுத்தினேன். திரும்பிப் படுத்தேன். அதற்குப் பிறகு டிங் வரவில்லை.

ஆக, இயந்திரம் நிரபராதி. தலைப்பு போயிற்று.

2

தொடக்கங்கள் சிலவற்றை முயன்றேன்.

முதல் தொடக்கம்: 'மேற்கு மலையின் மேகம் மூடிய மடியில், பதினொரு பிஞ்சுக் குரல்கள் அகரம் பயிலும் அந்த'— [நிறுத்திவிட்டேன். பொன்முடிப் பக்கம் நான் போனது ஒரே ஒரு தடவை, கல்யாண கோஷ்டியோடு. கொண்டை ஊசி வளைவுகளில் என் கவனமெல்லாம் வயிற்றின் மீதுதான் இருந்தது. மேகம் மூடியிருந்ததா என்று தெரியாது.]

இரண்டாவது தொடக்கம்: 'தகவல் தொழில்நுட்ப யுகத்தில் மனிதன்'— [இதற்கு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.]

மூன்றாவது: 'ராஜமணி ஒரு மெயில் எழுதவேண்டும் என்றால் முதலில் குளிப்பார்.'

இது நிற்கும். ஏனென்றால் உண்மை.

3

ராஜமணி ஒரு மெயில் எழுதவேண்டும் என்றால் முதலில் குளிப்பார். திருநீறு பூசுவார். மணக்காட்டில் உள்ள தன் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். பனியனோடு உட்கார்ந்து பேரவைக் கடிதம் எழுதியது கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் தங்க பார்டர் போட்ட பேரவையின் சின்னம் வரும். அதில் ஒரு மலை, ஒரு கடல், ஒரு விளக்கு, ஒரு புத்தகம், இரண்டு யானை. பொருள் என்ற இடத்தில் சிவப்பில் எழுதுவார்: 'மிக மிக அவசரம்!!! உடனடி கவனத்திற்கு!!!' பொங்கல் வாழ்த்துக்கும் அதுதான். இரங்கல் செய்திக்கும் அதுதான். 'பேரன்பும் பெருமதிப்பும் மிக்க மாட்சிமை தங்கிய உறுப்பினர் பெருமக்களே' என்று தொடங்கி, விஷயத்துக்கு வரும்போது இரண்டாம் பக்கம் பாதியாகிவிடும். உறுப்பினர் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே அடியில் போகும். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதம் 'நினைவூட்டல் ஒன்று' என்று போகும். பிறகு இரண்டு. பிறகு மூன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவார்: 'மறுப்பு எதுவும் வராததால் ஏகமனதாக ஏற்கப்பட்டது.'

ஏழு வருடமாகப் பேரவையில் எல்லாமே ஏகமனதாகத்தான் நடக்கிறது.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வரவேண்டும். அடியில் போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மனிதரைக் கேலிசெய்வது எளிது. ஆனால் நம்மாட்கள் வீட்டில் ஒரு சாவு என்றால், பிணவறை வாசலில் காகிதக் கட்டோடு முதலில் நிற்பவர் அவர்தான். கட்டட வேலைக்கு வந்து காலொடிந்தவனுக்கு மலையாளத்தில் விண்ணப்பம் எழுதித் தருபவர் அவர்தான். என் அப்பாவின் மரணச் சான்றிதழை வாங்கித் தந்தவர் அவர்தான். அதனால்தான் 'அண்ணாச்சி, கொஞ்சம் குறைச்சு அனுப்புங்கோ' என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொன்னால் முகம் வாடிவிடும். பட்டன் என்றால் சத்தம் கிடையாது. யார் முகமும் வாடாது. நாங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் கலந்து பேசாமலேயே இந்த நாகரிகமான வழியைக் கண்டுபிடித்திருந்தோம். நாங்கள் உண்மையிலேயே ஏகமனதாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.)

4

ஒரு மாதம் முன்னால், கல்லாறிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து தாசம்மாள் ராஜமணி வீட்டுக்கு வந்தாள். பொன்முடித் தோட்டத்துக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுக்கும் தற்காலிக டீச்சர். நாற்பது வயது. வகுப்பில் பதினொரு பிள்ளைகள், எல்லாம் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் இருந்து வருபவை. எண்ணிக்கை போதாது, வகுப்பை மலையாள வகுப்போடு சேர்த்துவிடலாம் என்று நகரத்தில் உள்ள ஓர் அலுவலகம் முடிவுசெய்திருந்தது. (எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். எனக்கும் அங்கே ஒரு காரியம் நிலுவையில் இருக்கிறது.) ஒரு வழி மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். பெற்றோர் அல்லாத பொதுமக்கள் இருபத்தைந்து பேர், வகுப்பு தொடர வேண்டும் என்று அவரவர் முகவரியிலிருந்து அலுவலகத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும். காகிதம் வாங்கமாட்டார்கள். கடைசி நாள், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

தன் வேலை போவதைப் பற்றி அவள் பேசவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பேசினாள். முதலில் அதைத்தான் பேசினாள். பிறகுதான் இதைச் சொன்னாள்:

"போன வருசம் மூணாங்கிளாசை அப்படித்தான் சேத்துப்போட்டாவ, அண்ணாச்சி. ரெண்டு பொம்பளப் பிள்ளைய அத்தோட நின்னுட்டுது. கேட்டா, 'டீச்சர் பேசுகது மனசிலாவல்ல'ன்னு சொல்லுது. இப்பம் வீட்டில தம்பியளப் பாத்துக்கிட்டு இருக்கு. இந்தப் பதினொண்ணுல அஜிதான்னு ஒருத்தி உண்டு. அவளும் நின்னுருவா. அவ அம்மைக்கு அது சௌகரியம், பாத்துக்கிடுங்க."

ராஜமணி சிரித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பொதுச்செயலாளர் அவர்.

"இருபத்தஞ்சு பேரா, டீச்சர்? அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் தாங்குமான்னு மட்டும் கேட்டு வச்சுக்கிடும்."

அன்றே குளித்தார். பேரவை சார்பில் அலுவலகத்துக்கு ஒன்று போயிற்று, உறுப்பினர்களுக்குக் கடிதம் போயிற்று. இதைப் படித்துவிட்டு உடனே அலுவலகத்துக்கு ஆதரவு மெயில் அனுப்ப வேண்டும், பேரவை முகவரிக்கும் ஒரு நகல் வைக்க வேண்டும் என்பதுதான் சாரம். அது மூன்றாம் பக்கத்தில், யானைகளுக்குக் கீழே இருந்தது. பிறகு நினைவூட்டல் ஒன்று. இரண்டு. பேரவைக்கு நகல் ஒன்றுகூட வரவில்லை. ஒன்பது நினைவூட்டலுக்குப் பிறகு, தன் வழக்கத்துக்கு மாறாக, நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார்.

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வன்னியராஜ், "அன்னைக்கே அனுப்பியாச்சு அண்ணாச்சி" என்றான். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜெபசிங், மெயிலைப் பார்த்த கையோடு அனுப்பிவிட்டதாகவும், அண்ணாச்சியின் தமிழைப் படித்துக் கண் கலங்கியதாகவும் சொன்னார். நகல் ஏன் வரவில்லை என்று கேட்டவரிடம், அது மறந்துபோயிற்று என்று எல்லோரும் ஒரே மாதிரி வருந்தினார்கள். ராஜமணி ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் டிக் போட்டார். நாலு நாள் போன் பேசியதில் இருநூற்று எண்பத்தேழு டிக். மீதிப்பேர் எடுக்கவில்லை.

என்னையும் கூப்பிட்டார். நான் என்ன சொன்னேன் என்பது கதைக்கு அவ்வளவு முக்கியமில்லை.

[முக்கியம்தான். 'அனுப்பியாச்சு அண்ணாச்சி' என்றேன். எதை என்று எனக்குத் தெரியாது.]

5

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடம் கடிதத்தோடு வாழ்ந்த ஒரு மனிதர், இருநூற்று எண்பத்தேழு பேர் ஒரே வாசகத்தைச் சொன்னபோது சந்தேகப்படாமல் இருப்பாரா? வாசகர் நம்புவாரா? கொஞ்சம் யோசித்துப் பார்த்ததில், நம்பலாம் என்று தோன்றியது. உங்கள் எழுத்தைப் படித்தேன் என்று யாராவது சொன்னால் நானும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை.

புதன்கிழமை தாசம்மாள் மறுபடியும் பஸ் பிடித்து வந்து, நேராக அந்த அலுவலகத்துக்குப் போனாள். இருநூற்று எண்பத்தேழு என்று அண்ணாச்சி சொல்லியிருந்ததால் நன்றி சொல்லத்தான் போனாள். செக்‌ஷனில் இருந்த பத்மகுமார் என்ற கிளார்க், கெட்டவன் அல்ல, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பியே காட்டினான். இந்த விஷயமாக ஒரு மெயிலும் வரவில்லை. பேரவையிலிருந்து வந்ததுகூட இல்லை. ஸ்பாமில் போயிருக்குமோ என்று அவள் கேட்டதற்கு, அதைத் திறக்கக்கூடாது, வைரஸ் வரும் என்று மேலிருந்து உத்தரவு இருப்பதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை டைம் உண்டல்லோ என்று ஆறுதலும் சொன்னான்.

வராந்தாவில் நின்று அவள் ராஜமணிக்குப் போன் போட்டாள். அவள் சத்தம் போடவில்லை. பூஜ்யம் என்று சொல்லுகிறார்கள் என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டாள்.

6

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. என் அக்கா மகள் அஞ்சு, கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள், ராஜமணி வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவள் பாதி மலையாளத்தில் சொன்னாள். அழகுக்காக நான் எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்த இரண்டு இடங்களை அடித்துவிட்டேன்.

போன் வந்ததும் ராஜமணிக்கு முதலில் தோன்றியது சதி. தமிழர் பேரவையின் முந்நூறு குரல்களை ஓர் அலுவலகம் திட்டமிட்டு அழிக்கிறது. குளிக்கப் போனார். கண்டனக் கடிதம் எழுதப் போகிறார் என்று தெரிந்துகொண்ட அவர் மனைவி முத்தாரம்மாள், மாடியில் இருந்த அஞ்சுவைக் கூப்பிட்டாள். அஞ்சு வந்து பேரவை மெயிலைத் திறந்து பார்த்தாள். ஒன்பது நினைவூட்டலும் ஒழுங்காகப் போயிருந்தன. போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், உறுப்பினர் யாருடைய போனாவது வேண்டும் என்றாள். பக்கத்தில் இருந்த உறுப்பினர் முத்தாரம்மாள்தான். உறுப்பினர் எண் இரண்டு. போன் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது.

அஞ்சு போனைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாக் கடிதமும் ஸ்பாம் பெட்டியில் இருந்தது. மேலே ஒரு வரி: இந்த அனுப்புநரின் கடிதங்களை ஸ்பாம் என்று நீங்கள் குறித்திருக்கிறீர்கள்.

"மாமி, இது மெஷின் செஞ்சதல்ல," என்றாள். "நிங்களே அடிச்சிருக்கு."

முத்தாரம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவர் தலை துவட்டிய துண்டோடு நின்றிருந்தார்.

"ஒவ்வொண்ணையும் எழுதுகதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லுகியோ. எழுதிட்டு வாசிச்சுக் காட்டுகியோ. அதுக்கப்புறமும் போன்ல டிங்குங்கு. ஒண்ணையே மூணு தடவை கேட்டுட்டு நான் எங்க போவேன்? சொன்னா மொகம் வாடிப்போவும். இத அமுக்கினா யாருக்கும் தெரியாதுன்னு பாத்தேன்."

"டீச்சருக்கு ஆதரவா அந்த ஆபீசுக்கு நீ மெயில் அனுப்பினியா?"

"நீங்க கேட்டப்பம் அனுப்பியாச்சுன்னு சொன்னேம்லா."

ராஜமணி மேசையில் இருந்த நோட்டைத் திறந்தார். முதல் டிக் அவள் பெயருக்கு நேராகத்தான் இருந்தது.

அஞ்சுவுக்கு இதமாகச் சொல்லத் தெரியாது. அவள் தலைமுறைக்கே தெரியாது. ஒரே இடத்திலிருந்து வருவதை இத்தனை பேர் வேண்டாம் என்று அடித்தால், மெஷின் அந்த முகவரியையே கள்ளன் என்று முடிவு கட்டிவிடும், பிறகு யாருக்கு எழுதினாலும் அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளும், அந்த அலுவலகத்துக்கு எழுதியதும் அப்படித்தான் போயிருக்கும் என்றாள். மாமி ஒருத்தி அடித்ததால் இப்படி ஆகாது, குறைந்தது நூறு இருநூறு பேர் அடித்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ராஜமணி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இருநூற்று எண்பத்தேழு டிக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் மூடினார்.

7

அவர் மனதில் என்ன ஓடியது என்பதற்கு மூன்று பத்தி எழுதினேன். முதல் பத்தியில் அவருக்குக் கோபம் வந்தது. இரண்டாவதில் கண்ணீர். மூன்றாவதில் ஏழு வருடப் பொதுவாழ்வை நினைத்துப் பார்த்தார். மூன்றையும் நீக்கிவிட்டேன். அஞ்சு பார்த்தது இவ்வளவுதான்: சாயா கேட்டார், வந்த சாயாவைக் குடிக்கவில்லை, கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளே, அட்ரஸ் தப்பா இருந்தா மெயில் திரும்பி வராதா?"

"வரும். சிலப்போ வராது."

"அது போதும்," என்றார் ராஜமணி.

இந்தக் கேள்வி எதற்கு என்று அஞ்சுவுக்கு அன்று புரியவில்லை. எனக்கும், அவள் சொன்னபோது, புரியவில்லை. ஆகவே உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். மெயில் இன்னும் அனுப்பலாம். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. எங்களில் யாரும் தமிழ் வகுப்புக்கு விரோதி அல்ல. ஆனால் எல்லோரும் 'அன்னைக்கே அனுப்பியாச்சு' என்று சொல்லிவிட்டோம். இப்போது அனுப்பினால், ராஜமணிக்குப் போகும் நகலில் தேதி இருக்கும். தேதி பொய் சொல்லாது. நீங்கள் சொன்னது பொய் என்று அவர் கூப்பிட்டுச் சொன்னால், மானஸ்தர்கள் நாங்கள், அனுப்பவே மாட்டோம். உண்மையைச் சொல்லி எங்களை அனுப்ப வைக்க வழியே இல்லை. முப்பத்தைந்து வருடம் கடிதப் பிரிவில் இருந்த மனிதருக்கு, ஒரு தேதி ஓர் ஆளை என்ன செய்யும் என்று தெரியும்.

வியாழன் காலை, அதாவது நேற்று, ஏழு மணிக்கு அவர் மறுபடியும் போனை எடுத்தார். முதல் பெயரிலிருந்து. எனக்கு வந்தபோது பதினொன்றரை, குரல் கட்டியிருந்தது.

"எழுத்தாளரே, எங்கிட்ட ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த ஆபீஸ் அட்ரஸை நான் மாத்திக் கொடுத்துட்டேன். வயசாயிட்டு வருகு. நீரு அனுப்பினதெல்லாம் எங்கேயோ போயிருக்கும். சிரமம் பாக்காம இன்னொரு தடவை அனுப்பணும். சரியான அட்ரஸை அஞ்சு உமக்குப் போன்ல அனுப்புவா. அடுத்தவன் எழுதினத காப்பியடிக்காம சொந்தமா ரெண்டு வரி போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு நகல் வேண்டாம்."

இந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு தப்பையும் ஒப்புக்கொண்டது கிடையாது. ஒரு தடவை திருமண அழைப்பில் மாப்பிள்ளை பெயர் மாறிப்போனபோதுகூட, மாப்பிள்ளை பெயரை மாற்றிக்கொள்ளட்டும் என்று சொன்னவர். அவர் ஒப்புக்கொண்ட முதல் தப்பு, அவர் செய்யாத தப்பு. தப்பான அட்ரஸ் என்றால் மெயில் திரும்பி வந்திருக்குமே என்று யாராவது கேட்டால் பதில் வேண்டுமே, அதற்குத்தான் அஞ்சுவிடம் அந்தக் கேள்வி. சரியான அட்ரஸ் என்று அஞ்சு அனுப்பியது பழைய அட்ரஸேதான். ஒப்பிட்டுப் பார்க்க எங்களில் யாரிடமும் பழையது இல்லை, யாரும் படித்திருந்தால்தானே.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். நான் அவரை மன்னித்தேன்.

"அதனால என்ன அண்ணாச்சி, மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும்," என்றேன். அதோடும் விடவில்லை. "இனிமே அனுப்புகதுக்கு முன்ன ஒரு தடவை சரிபாத்துக்கிடுங்க."

"சரி, பாத்துக்கிடுகேன்," என்றார்.

மற்றவர்களும் மன்னித்தார்கள் என்று அஞ்சு சொன்னாள். சிலர் கொஞ்சம் கடுமையாகவே. கண் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் ஒருவர். பொறுப்பை இளைஞர்களிடம் கொடுத்துவிடலாமே என்றார் இன்னொருவர். ஜெபசிங், தான் அவ்வளவு உருகி எழுதியது வீணாகப் போயிற்றே என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டார். ராஜமணி ஒவ்வொருவரிடமும் மன்னிப்பு கேட்டு, நோட்டில் பழைய டிக்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். மாலையில் குரல் போனபிறகு, மீதிப் பேரிடம் முத்தாரம்மாள் பேசினாள். அவருக்குக் கவனம் பத்தவில்லை, நீங்க பெரிசா எடுத்துக்காதீங்கோ என்று.

8

முதல் பகுதியில் ஒரு பொய் சொன்னேன். திருத்திவிடுகிறேன். நேற்று நான் ஸ்பாம் பெட்டியைத் திறந்தது பத்திரிகைக் கடிதத்துக்காக அல்ல. அந்தக் கட்டுரை இரண்டாம் நாளே திரும்பி வந்துவிட்டது, நேராக, எந்த வடிகட்டியிலும் சிக்காமல். அண்ணாச்சியை மன்னித்து முடித்த பிறகு, நான் ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகச் சொன்னது எதை என்று தெரிந்துகொள்ளத்தான் திறந்தேன். 'நினைவூட்டல் ஒன்பது', மூன்றாம் பக்கம், யானைகளுக்குக் கீழே: பதினொரு பிள்ளைகள், இருபத்தைந்து பேர், வெள்ளிக்கிழமை ஐந்து மணி.

இன்று வெள்ளிக்கிழமை.

நேற்று மதியமே அந்த இரண்டு வரியை எழுத உட்கார்ந்தேன். 'மேற்கு மலையின் மேகம் மூடிய மடியில்' என்று வந்தது. அடித்தேன். சொந்தமாக இரண்டு வரி என்று அவர் சொன்னது என் காதிலேயே நின்றது. நான் எழுத்தாளன் அல்லவா, கிரேன் ஓட்டுபவன் எழுதுவது போல் எழுத முடியுமா? தாய்மொழிக் கல்வியின் தத்துவப் பின்னணி பற்றி ஒரு பத்தி வந்தது. அடித்தேன். ராஜமணியின் மாட்சிமையைக் கேலிசெய்து வாங்கிய பெயர்தான் எனக்கு இந்த ஊரில் இருக்கிற பெயர்; இப்போது என் வரிகளில் அவருடைய இரண்டு யானைகளும் நிற்கின்றன. மூன்றாவது தடவை எழுதும்போது அது நீண்டு, பகுதி பகுதியாகப் பிரிந்து, எண் போட்டுக்கொண்டு, இந்தக் கதையாக ஆகிவிட்டது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது, அலுவலகத்துக்குப் போகவேண்டிய மெயில்.

மதியம் இரண்டு மணிக்கு அஞ்சு கூப்பிட்டாள். தாசம்மாள் காலையிலிருந்து அந்த வராந்தாவில் இருக்கிறாள். பத்மகுமார் ஒரு மணிக்கு எண்ணிச் சொன்னது பதினாறு. அஞ்சுவுடையது அதில் ஒன்று; முத்தாரம்மாளுடையது ஒன்று; புது முகவரி திறந்து, சின்னமும் சிவப்பும் இல்லாமல், ராஜமணி எழுதியது ஒன்று.

"மாமா, நிங்கள் அயச்சோ?" என்று கேட்டாள், அனுப்பியாயிற்றா என்று.

ஏழாம் பகுதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த 'மன்னித்தேன்' என்ற சொல் சரியான இடத்தில் விழுந்திருந்தது, ஓட்டம் கெட்டுவிடக் கூடாது என்று—

"அயச்சு மோளே," என்றேன்.

9

முடிவுகள்.

அ. நாலு மணிக்குள் இருபத்தைந்து ஆகிறது. தாசம்மாள் கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்புகிறாள், திங்கட்கிழமை அஜிதா வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். [எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் இது நான் சேராமலேயே நிறைவேறுகிறது, அதுதான் எனக்கு அதில் பிடித்த அம்சமோ என்று சந்தேகம்.]

ஆ. நாலு ஐம்பதுக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மனசாட்சி உறுத்துகிறது. ஜெபசிங் எழுதியதை அத்தனை பேரும் காப்பியடித்து, ஒரே நிமிடத்தில் இருநூறு மெயில் போகிறது. ஒரே வாசகம், ஒரே நேரம். அலுவலகத்து இயந்திரம் அதைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்கிறது. [நேற்று அஞ்சு இதற்குத்தான் பயந்தாள். எங்களை நன்றாகத் தெரிந்தவள்.]

இ. ஐந்து மணிக்கு எண்ணிக்கை இருபத்துநான்கு. [இது மலிவான முடிவு. அந்த ஓர் ஆள் யார் என்று வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மலிவாக இருப்பதால் நடக்காது என்றும் சொல்வதற்கில்லை.]

ஈ. இப்போது மணி நாலு இருபது. மெயில் பக்கம் திறந்திருக்கிறது. இரண்டு வரி இருக்கிறது: 'பொன்முடித் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேர் தமிழில் படிக்கிறார்கள். அந்த வகுப்பு தொடர வேண்டும்.' கீழே 'எழுத்தாளர், விமர்சகர், சிந்தனையாளர்' என்று இருந்ததை எடுத்துவிட்டேன். 'விமர்சகர்' மட்டும் மறுபடியும் போட்டேன். அதையும் எடுத்துவிட்டேன். இரண்டாவது வரியில் 'வேண்டும்' என்பதா, 'வேண்டுகிறேன்' என்பதா என்று

இந்த நாலில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஐந்தாவதாக ஒன்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரம் இல்லை. நான் மெயிலுக்குப் போகிறேன். அனுப்பினீர்களா என்று பிறகு என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.